முதல் பிக் நம்முடையது: ஸ்கீன்ஸா, க்ரூஸா? பைரேட்ஸ் 2023 டிராஃப்ட் விவாதம்

மஞ்சள்கருப்பு (இழையைத் தொடங்கியவர்)
ஜூலை 4, 2023, காலை 9.20

வரும் ஞாயிறு, ஜூலை 9, சியாட்டிலில் மேஜர் லீக் பேஸ்பால் டிராஃப்ட், அதாவது அணிகள் வரிசையாக இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. முதல் ஆளை (முதல் ‘பிக்’) எடுக்கப்போவது நம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். போன சீசனில் 62 வெற்றி, 100 தோல்வி. நேஷனல்ஸும் அத்லெடிக்ஸும் நம்மைவிட மோசம். இருந்தாலும் டிசம்பரில் முதன்முதலாக நடந்த குலுக்கலில் முதல் இடம் நமக்கு விழுந்தது.

எல்லோர் வாயிலும் அடிபடுவது ஐந்து பேர். எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) பிட்ச்சர், அதாவது பந்து வீசுகிறவர், பால் ஸ்கீன்ஸ், அதே கல்லூரியின் சென்டர் ஃபீல்டர் டிலன் க்ரூஸ், ஃப்ளோரிடாவின் வயட் லாங்ஃபர்ட், அப்புறம் பள்ளிப் பையன்கள் மேக்ஸ் க்ளார்க், வாக்கர் ஜென்கின்ஸ். இந்த ஐவரில் யார் வேறொரு வருஷத்தில் வந்திருந்தாலும் முதல் பிக்குக்குப் பேசப்பட்டிருப்பார்கள்.

என் ஓட்டு ஸ்கீன்ஸுக்கு. மணிக்கு 100 மைல் வேகம் மட்டும் காரணமில்லை. நம் கிளப்பின் கையிருப்பு என்னவென்று பாருங்கள். ஏப்ரலில் ரெனால்ட்ஸுக்கு எட்டு வருஷத்துக்கு 10.675 கோடி டாலர் கொடுத்தார்கள். கிளப் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம் அதுதான். அதற்கு முந்தைய வருஷம் ஹேய்ஸுக்கு 7 கோடி. ஆக, நல்ல ஹிட்டர் ஒருவரைத் தக்கவைத்துக்கொள்ள நம்மால் முடிகிறது. முதல்தர பிட்ச்சர் என்றால்? கெரிட் கோலுக்கு யாங்கீஸ் கொடுத்தது 32.4 கோடி. அந்தக் கடைப்பக்கமே நாம் போகப்போவதில்லை. எதை நம்மால் ஒருநாளும் விலை கொடுத்து வாங்க முடியாதோ, அதைத்தான் டிராஃப்டில் எடுக்க வேண்டும்.

உங்கள் கருத்தைக் காரணத்தோடு எழுதுங்கள்.

---

வடகரைவாசி
ஜூலை 4, 2023, காலை 11.05

தம்பி, வாதம் நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்து பார்த்தவனுக்கு பிட்ச்சர் என்றாலே வயிற்றைக் கலக்குகிறது.

2001: ஜான் வான் பென்ஷோட்டன். கென்ட் ஸ்டேட்டில் 31 ஹோம் ரன் அடித்து, அந்த வருஷம் கல்லூரி பேஸ்பாலின் முதல் டிவிஷனிலேயே அதிக ஹோம் ரன் அடித்தவர். எட்டாவது பிக்கில் நாம் எடுத்தோம். எதற்கு? பந்து வீச! மட்டையைப் பிடுங்கிவிட்டு, பிட்ச்சர் நின்று வீசும் மேட்டில் ஏற்றினார்கள். தோள் போயிற்று, அறுவைக்கு மேல் அறுவை. மேஜர் லீக்கில் அவர் ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகத் தன் பொறுப்பில் விட்டுக்கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) 9.20.

2002: முதல் பிக் ப்ரையன் புல்லிங்டன். பைரேட்ஸ் சீருடையில் ஒரு வெற்றிகூட அவர் பெறவில்லை. அதே முதல் சுற்றில் ஏழாவதாகப் போனவர் ப்ரின்ஸ் ஃபீல்டர்.

2007: நான்காவது பிக் டேனியல் மாஸ்கோஸ். அடுத்த பிக்கில் பால்டிமோர் எடுத்தது மாட் வீட்டர்ஸை.

2010: இரண்டாவது பிக் ஜேம்சன் டயான். மூன்றாவதாகப் போனவர் மேனி மச்சாடோ. டயான் நல்ல மனிதர், நல்ல பிட்ச்சர். புற்றுநோயை வென்று திரும்பியவர். அவரைக் குறைசொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் முழங்கையில் இரண்டு முறை அறுவை. கடைசியில் அவரையும் யாங்கீஸுக்குத்தானே அனுப்பினோம்?

மட்டைக்காரனை எடுங்கள். க்ரூஸ். தினமும் ஆடுவார். ஐந்து நாளைக்கு ஒருமுறை வருகிறவரை நம்பி அணியைக் கட்ட முடியாது.

---

புதுவரவு
ஜூலை 4, 2023, மாலை 6.40

இந்த வருஷம்தான் பேஸ்பால் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஐபிஎல் ஏலம் மாதிரி, பணம் இருக்கிற அணி நல்ல ஆளை இழுத்துக்கொள்ள முடியாதா? எல்லோரும் ‘ஸ்லாட்’ ‘ஸ்லாட்’ என்கிறீர்களே, அது என்ன?

---

கணக்குப்பிள்ளை
ஜூலை 4, 2023, இரவு 8.15

வாருங்கள் புதுவரவு. ஏலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது வரிசை. உங்கள் முறை வரும்போது ஒருவரை எடுப்பீர்கள், அதன்பின் அவரோடு பேரம் பேசும் உரிமை உங்களுக்கு மட்டும்தான்.

பேரத்துக்கும் கடிவாளம் உண்டு. முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வொரு பிக்குக்கும் லீக் ஒரு தொகை குறித்திருக்கிறது. அதுதான் ஸ்லாட். இந்த வருஷம் முதல் பிக்கின் ஸ்லாட் 97 லட்சத்து 21 ஆயிரம் டாலர். ஓர் அணியின் ஸ்லாட்டுகளையெல்லாம் கூட்டினால் வருவது அதன் மொத்த போனஸ் நிதி. நமக்கு ஏறத்தாழ 1.6 கோடி. அதற்கு மேல் 5 சதவீதம் வரை போனால், கூடுதலாகக் கொடுத்ததற்கு 75 சதவீத வரி. அதையும் தாண்டினால் எதிர்காலத்து முதல் சுற்று பிக்கே பறிபோகும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். மொத்த நிதிக்குள் எப்படிப் பிரித்துக்கொடுப்பது என்பது உங்கள் இஷ்டம். முதல் ஆளிடம் மிச்சம் பிடித்து மூன்றாம் சுற்றுப் பையனுக்குக் கொடுக்கலாம். 2021இல் நாம் செய்தது அதுதான். ஹென்ரி டேவிஸ் முதல் பிக். ஸ்லாட் 84 லட்சத்து 15 ஆயிரம், கையெழுத்தானது 65 லட்சத்துக்கு. மிச்சமான 19 லட்சம்தான் பள்ளிப் பையன்கள் சொலொமெட்டோவையும் பப்பா சாண்ட்லரையும் கொண்டுவந்தது. சாண்ட்லர் க்ளெம்சனுக்குப் போய் ஃபுட்பால் குவார்ட்டர்பேக்காக ஆடவிருந்த பையன். மூன்றாம் சுற்றில் 30 லட்சம் கொடுத்துத் திருப்பினார்கள்.

இந்தக் கடிவாளம் வந்ததில் நமக்கும் பங்கு உண்டு. 2011இல் ஜாஷ் பெல், தான் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போவதாகவும் தன்னை எடுக்க வேண்டாம் என்றும் எல்லா அணிகளுக்கும் சொல்லியிருந்தார். நாம் இரண்டாம் சுற்றில் எடுத்து 50 லட்சம் கொடுத்தோம். அந்த வருஷம் கோலுக்கு 80 லட்சம் தனி. அடுத்த ஆண்டிலிருந்து புது விதி.

அதனால் ‘யார் சிறந்தவர்’ என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான். ‘அவரை எடுத்தால் 42, 67, 73ஆம் பிக்குகளில் என்ன செய்ய முடியும்’ என்பது மீதிப் பாதி. க்ளார்க்கோ ஜென்கின்ஸோ ஸ்லாட்டைவிடக் கணிசமாகக் குறைத்துக் கையெழுத்திடத் தயார் என்றால், நான் அங்கேதான் போவேன்.

---

பேட்டன்ரூஜ்க்காரி
ஜூலை 4, 2023, இரவு 10.30

இருவரையும் இந்த சீசன் முழுக்கப் பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

க்ரூஸின் பேட்டிங் சராசரி .426, 18 ஹோம் ரன். சிறந்த ஆட்டக்காரருக்கான கோல்டன் ஸ்பைக்ஸ் விருதும் அவருக்குத்தான். மோசமான பந்தைத் துரத்தவே மாட்டார். பிட்ச்சர் களைத்துச் சலித்து நடுவில் போடும்வரை நின்றுகொண்டே இருப்பார்.

ஸ்கீன்ஸைப் பற்றிச் சொல்ல ஒமஹாவில் ஜூன் 22 நடந்த வேக் ஃபாரஸ்ட் ஆட்டம் போதும். அந்தப் பக்கம் ரெட் லௌடர், அவரும் இந்த டிராஃப்டில் முதல் சுற்றுக்காரர். இருபுறமும் ரன்னே இல்லை. எட்டாவது இன்னிங்ஸில் வேக் ஆள் மூன்றாவது பேஸில் நிற்கிறான். பந்தை மெதுவாகத் தட்டி அவனை உள்ளே கொண்டுவரப் பார்த்தார்கள். முதல் பேஸைக் காத்த எங்கள் ட்ரே மார்கன் முன்னாலேயே ஓடிவந்து, எடுத்த வேகத்தில் கேட்சருக்கு எறிய, அவர் தொட்டு அவுட். ஸ்கீன்ஸ் பதறவில்லை. அடுத்த பந்துக்கு அதே நிதானத்தோடு மேட்டில் ஏறினார். எட்டு இன்னிங்ஸ், இரண்டே ஹிட், ஒன்பது ஸ்ட்ரைக்கவுட், 120 பந்து. பதினொன்றாவதில் க்ரூஸ் சிங்கிள் அடித்து வழிதிறந்தார். டாமி வைட் வந்த முதல் பந்தையே வெளியே அனுப்பி 2-0 என்று முடித்தார்.

மொத்த சீசனில் 209 ஸ்ட்ரைக்கவுட். எஸ்இசி கான்ஃபரன்ஸில் (எல்எஸ்யூ ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) 1989 முதல் பென் மெக்டோனால்டு வைத்திருந்த 202ஐ முறியடித்தார். ஈஆர்ஏ 1.69.

இருவரும் எங்கள் பிள்ளைகள், யார் போனாலும் சந்தோஷமே. ஒருவரை மட்டும்தான் என்றால் ஸ்கீன்ஸ். க்ரூஸ் போல ஒரு ஹிட்டரை இந்த கான்ஃபரன்ஸில் முன்பும் பார்த்திருக்கிறேன். ஸ்கீன்ஸ் மாதிரி ஒருவரைப் பார்த்ததில்லை.

---

நீள்கை
ஜூலை 5, 2023, காலை 7.50

அக்கா, பென் மெக்டோனால்டு பெயரை நீங்களே சொன்னீர்கள், நல்லதாயிற்று. அவரும் எல்எஸ்யூ, அவரும் பேருருவம், 1989இல் அவரும் முதல் பிக். மேஜர் லீக்கில் 78 வெற்றி. தோள் கிழிந்து 29 வயதில் ஆட்டம் முடிந்தது.

முதல் பிக்காகப் போன மற்ற பிட்ச்சர்களையும் பாருங்கள். 1991 ப்ரையன் டெய்லர், மேஜர் லீக் வாசலையே மிதிக்கவில்லை. 2013 மார்க் அப்பெல், அங்கே முதன்முதலாக வீசியது போன வருஷம், 30 வயதில். அடுத்த பிக்கில் போனவர் க்ரிஸ் ப்ரையன்ட். 2014 ப்ரேடி எய்க்கன், முழங்கைத் தகராறில் கையெழுத்தே ஆகவில்லை. 2018 கேஸி மைஸ், போன வருஷம் டாமி ஜான் அறுவை (முழங்கைத் தசைநாரைச் சீரமைக்கும் சிகிச்சை). ஸ்ட்ராஸ்பர்க்கைவிடத் திறமைசாலி உண்டா? வந்த வருஷமே டாமி ஜான். 2019இல் வேர்ல்டு சீரிஸ் எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) ஆனார், 24.5 கோடிக்கு ஒப்பந்தம் போட்டார், அதன்பின் உடம்பு ஒத்துழைக்கவில்லை.

ஸ்கீன்ஸ் இந்த வருஷம் 122 இன்னிங்ஸுக்கு மேல் வீசியிருக்கிறார். அந்த 120 பந்துக்கு ஐந்து நாள் முன்னால்தான் டென்னசியுடனும் நூறு பந்துக்கு மேல் வீசினார். அந்த வேகத்துக்கு முழங்கைத் தசைநார் எத்தனை வருஷம் தாங்கும் என்று எந்த மருத்துவராலும் எழுதிக்கொடுக்க முடியாது.

---

மஞ்சள்கருப்பு
ஜூலை 5, 2023, காலை 10.10

நீள்கை, நீங்கள் எழுதிய ஒவ்வொன்றும் நடந்ததுதான். ஆனால் அதே பட்டியலில் டேவிட் ப்ரைஸும் (2007) கோலும் (2011) இருக்கிறார்கள், அவர்களை விட்டுவிட்டீர்கள். கோல் நம்மிடம் இருந்தபோதுதான் 2013, 2014, 2015 மூன்று வருஷமும் ப்ளே-ஆஃப் போனோம். இருபது வருஷம் தோல்விக் கணக்கிலேயே கிடந்த அணி இது.

பிட்ச்சர் கையொடிவார் என்பது உண்மை. அதனால்தான் பணக்கார அணிகள் பல பிட்ச்சர்களை வாங்கி வைக்கின்றன. நமக்கு அந்த வழி கிடையாது. நமக்கு இருப்பது, ஆட்டக்காரர் இஷ்டப்படி வேறு அணிக்குப் போக முடியாத ஆறு வருஷக் கட்டுப்பாட்டுக் காலம் மட்டும். ஸ்கீன்ஸுக்கு மைனர் லீக்கில் அதிக நாள் தேவைப்படாது. அடுத்த வருஷமே மேலே வரலாம். 21 முதல் 27 வயதுவரை, அந்தக் கையின் ஆகச் சிறந்த காலம் நம்மிடம். முப்பது வயதுக்கு மேல் என்ன ஆகும் என்ற பயம் அவரை 30 கோடிக்கு வாங்கப்போகிற கிளப்புக்கு இருக்கட்டும்.

இன்னொன்று. அவர் சின்ன வயதிலிருந்தே பிட்ச்சராக மட்டும் தேய்ந்தவர் இல்லை. விமானப்படை அகாடமியில் இருந்த இரண்டு வருஷமும் கேட்சராகவும் ஆடினார், மட்டையும் பிடித்தார். 2022இல் நாட்டின் சிறந்த இருதிற ஆட்டக்காரருக்கான ஜான் ஓலெருட் விருது அவருக்கு. முழுநேர பிட்ச்சர் ஆனது இந்த ஒரே வருஷம். அந்தக் கையில் தேய்மானம் குறைவு என்று நான் நினைக்கிறேன்.

---

ஃப்ளோரிடா வெயில்
ஜூலை 5, 2023, பகல் 1.25

லாங்ஃபர்டைப் பற்றி ஒருவரும் பேச மாட்டீர்களா? .373, 21 ஹோம் ரன். கல்லூரிக்கு வந்த முதல் வருஷம் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டே வருஷத்தில் இந்த இடத்துக்கு வந்திருக்கிறார் என்றால் இன்னும் வளர இடமிருக்கிறது என்று அர்த்தம். உடல்பலத்தில் க்ரூஸைவிட ஒரு படி மேல், ஓட்டமும் வேகம். பேரத்தில் க்ரூஸைவிடக் குறைவாகவும் கேட்பார். கணக்குப்பிள்ளை சார், உங்கள் கணக்குக்கு இவர்தான் பொருத்தம்.

---

வடகரைவாசி
ஜூலை 5, 2023, மாலை 5.30

லாங்ஃபர்ட் லெஃப்ட் ஃபீல்டர். அங்கே ரெனால்ட்ஸ் இருக்கிறார். அதோடு பிஎன்சி பார்க்கை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், நம் மைதானத்தின் இடப்பக்கம் சாதாரண இடப்பக்கம் இல்லை. ரைட்டில் கிளெமென்டே சுவர், 21 அடி உயரம், ஆனால் தூரம் குறைவு. லெஃப்ட்-சென்டருக்குப் போனால் சுவர் 410 அடிக்கு உள்வாங்கி ஒரு மூலையாகிறது. வேறு ஊரில் ஹோம் ரன் ஆகிற பந்து இங்கே அந்த மூலையில் விழுந்து உருளும். அந்தப் பரப்பை ஓடிக் காக்க சென்டரில் கெட்டிக்காரன் வேண்டும். மக்கட்சன் இளமையில் அதைத்தான் செய்தார். 2005இல் பதினொன்றாவது பிக்கில் வந்த பள்ளிப் பையன் அவர். இந்த ஊருக்கு அவர் என்னவாக இருக்கிறார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

க்ரூஸ் சென்டர் ஆடுவார், பந்துக்குப் பந்து காத்திருந்து அடிப்பார். வருஷத்துக்கு 150 ஆட்டம். மஞ்சள்கருப்பு தம்பி, கோல் இருந்தபோது ப்ளே-ஆஃப் போனோம் என்கிறீர்கள். 2013இல் எம்விபி வாங்கியது யார்? மக்கட்சன்தானே!

---

கணக்குப்பிள்ளை
ஜூலை 6, 2023, காலை 8.00

க்ரூஸின் ஏஜென்ட் ஸ்காட் போராஸ். 2008இல் பெட்ரோ ஆல்வரெஸ் விஷயத்தில் அவரோடு நாம் பட்டபாடு நினைவிருக்கிறதா? கெடு தாண்டிக் கையெழுத்து, அதன்மேல் புகார், கடைசியில் ஒப்பந்தத்தையே திருத்தி எழுதினார்கள். கோலும் போராஸ் ஆள்தான், அங்கே சுமுகமாக முடிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் க்ரூஸ் ஸ்லாட்டில் ஒரு டாலர் குறைப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

லாங்ஃபர்டை நான் தள்ளவில்லை. இருந்தாலும் க்ளார்க் வாண்டர்பில்ட்டுக்கும் ஜென்கின்ஸ் நார்த் கரோலைனாவுக்கும் போக ஒப்புக்கொண்டவர்கள். 18 வயதுப் பையனுக்கு முதல் பிக் என்ற பெருமையோடு 75 லட்சம் கொடுத்தால் மறுப்பானா? நமக்கு 20 லட்சத்துக்கு மேல் மிச்சம். அதில் இரண்டு சாண்ட்லர்கள் வருவார்கள்.

---

பேட்டன்ரூஜ்க்காரி
ஜூலை 6, 2023, பகல் 12.45

சார், சாண்ட்லரும் சொலொமெட்டோவும் இன்னும் மைனர் லீக்கில் இருக்கிறார்கள். டேவிஸ் மேலே வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, கேட்சராக எடுத்தவர் ரைட் ஃபீல்டில் நிற்கிறார். 2021இன் பலனையே இன்னும் பார்க்காமல் அதே வழியில் மறுபடி போக வேண்டுமா? சாதாரண வருஷத்தில் பணத்தைப் பிரிப்பது புத்திசாலித்தனம். மேலே இருப்பவர்கள் ஏறக்குறைய சமம் என்றால் மலிவானவரை எடுக்கலாம். இந்த வருஷம் ஒருவர் தனியாகத் தெரிகிறார்.

---

புதுவரவு
ஜூலை 6, 2023, இரவு 9.00

எல்லாவற்றையும் படித்தேன், நன்றி. ஒரு சந்தேகம். இந்த பிக்கை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் இளம் ஆட்டக்காரர்கள் மூன்று பேரை வாங்க முடியாதா?

---

கணக்குப்பிள்ளை
ஜூலை 6, 2023, இரவு 9.35

முடியாது. என்பிஏ, என்எஃப்எல் போல பிக்கை மாற்றிக்கொள்ள மேஜர் லீக் விடுவதில்லை. ‘காம்பட்டிட்டிவ் பேலன்ஸ்’ என்று சிறிய அணிகளுக்குத் தரும் கூடுதல் பிக்குகள் மட்டும் கைமாறலாம். முதல் பிக் நம் தலையில்தான்.

---

வடகரைவாசி
ஜூலை 9, 2023, இரவு 7.25

ஸ்கீன்ஸ்.

நான் கேட்டது க்ரூஸ். ஆனாலும் இனி இவர் நம் பையன். மேட்டில் ஏறும் முதல் நாள் அங்கே இருப்பேன்.

---

பேட்டன்ரூஜ்க்காரி
ஜூலை 9, 2023, இரவு 7.50

இரண்டாவது பிக்கில் க்ரூஸை வாஷிங்டன் எடுத்துவிட்டது! ஒரே கல்லூரியிலிருந்து முதல் இரண்டு பிக்கும் போவது டிராஃப்ட் வரலாற்றில் இதுவே முதல் முறை. பைரேட்ஸ் அண்ணன்மாரே, அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் அதிகம் வீசவைக்காதீர்கள்.

---

ஃப்ளோரிடா வெயில்
ஜூலை 9, 2023, இரவு 8.10

மூன்றாவது க்ளார்க், டெட்ராய்ட். நான்காவது லாங்ஃபர்ட், டெக்சஸ். ஐந்தாவது ஜென்கின்ஸ், மினசோட்டா. டெட்ராய்ட் லாங்ஃபர்டைத் தாண்டிப் போனது எனக்குப் புரியவே இல்லை. மட்டைக்காரர்கள் நால்வரில் முதலில் மேஜர் லீக் வருபவர் அவராகத்தான் இருப்பார்.

---

மஞ்சள்கருப்பு
ஜூலை 9, 2023, இரவு 11.15

42இல் மிச்சிகன் ஸ்டேட்டின் மிட்ச் ஜெப், ஷார்ட்ஸ்டாப். பெரிய அடி கிடையாது, ஆனால் அவரை ஸ்ட்ரைக்கவுட் ஆக்குவது குதிரைக்கொம்பு. 67இல் இல்லினாயிஸ் பள்ளிப் பையன் ஸான்டர் மியூத், பிட்ச்சர், கையைத் தாழ்த்தி வீசுகிறவர். வடகரைவாசி அண்ணே, இன்னொரு பிட்ச்சர் என்று கோபப்படாதீர்கள்.

---

கணக்குப்பிள்ளை
ஜூலை 9, 2023, இரவு 11.40

மியூத் பள்ளிப் பையன், கல்லூரிக்குப் போகிற வழி அவருக்குத் திறந்தே இருக்கிறது. ஸ்லாட்டுக்கு மேல் கொடுத்தால்தான் வருவார். அப்படியானால் ஸ்கீன்ஸிடம் கொஞ்சமாவது குறைத்துப் பேசி வைத்திருக்க வேண்டும். நாளை 3 முதல் 10ஆம் சுற்று வரை. எட்டு, ஒன்பது, பத்தாம் சுற்றுகளில் கல்லூரி கடைசி வருஷக்காரர்களாக எடுத்தால், அங்கே சில்லறைக்குக் கையெழுத்து வாங்கி மேலே அனுப்புகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள். ஸ்கீன்ஸின் தொகை வெளிவந்ததும் மொத்தக் கணக்கையும் இங்கே போடுகிறேன்.

---

வடகரைவாசி
ஜூலை 9, 2023, இரவு 11.55

கோபமெல்லாம் இல்லை தம்பி. நாளைக்கு முதல் வேலையாக 73ஆவது பிக். அதிலாவது மட்டை பிடிக்கிற ஒருவரை எடுக்கட்டும், கல்லூரியில் மூன்று வருஷம் ஆடியவராக, ‘வாக்’ வாங்க, அதாவது மோசமான பந்துகளை விட்டுவிட்டு இலவசமாக முதல் பேஸ் போக, தெரிந்தவராக.